கூடி எழுதும் வகுப்பறை

(மதுரையில் தமிழாசிரியர்கள் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இணைய ஊடகமும் வகுப்பறைக் குழுப்பணியும்’ என்பது எனக்கு நீங்கள் அளித்த தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த முதியவர் ஒருவர், தனித்தமிழ் பேசுவோர்க்கு இதில் என்ன வேலை என்று வாயிலிலேயே என்னை மறித்துக் கேட்டார். அயற்சொற்களைக் களைவதும் வேர்ச்சொற்களை ஆய்வதுமன்றோ நம் பணி. கணினியும் கைப்பேசியும் பிள்ளைகளைக் கெடுப்பன அல்லவோ என்பது அவர் கருத்து. அவர் இங்கே முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவருக்கு விடை சொல்வதாகவே என் உரையை அமைத்துக் கொள்கிறேன்.

ஐயா, நம் பிள்ளைகள் எழுதுவதில்லை என்று நாம் குறை கூறுகிறோம். அது பொய். நாம் மாணவராயிருந்த நாளில் எழுதியதைவிட அவர்கள் மிகுதியாகவே எழுதுகின்றனர். புலனம் என்று நாம் பெயரிட்டழைக்கும் வாட்சாப்பில் விடியலில் தொடங்கி நள்ளிரவுவரை எழுதுகின்றனர். முகநூலிலும் படவரியிலும் எழுதுகின்றனர். ஆனால் எவ்வெழுத்தில் எழுதுகின்றனர்? அம்மாவையும் அப்பாவையும் உரோம எழுத்தில் எழுதுகின்றனர். சோறு உண்டாயா என்று கேட்பதற்கும் ஆங்கில நெடுங்கணக்கு வேண்டியிருக்கிறது. சொல்லில் புகுந்த அயன்மையை எதிர்த்து ஒரு நூற்றாண்டு போராடினோம். 1916இல் மறைமலையடிகளார் தொடங்கிய போராட்டம் அது. இற்றை நாளில் அயன்மை எழுத்தினுள்ளேயே புகுந்து, நம் வீட்டுக் கூடத்தில், நம் பிள்ளையின் உள்ளங்கையில் அமர்ந்திருக்கிறது. அதனைப் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொள்வது மொழிக்காப்பு ஆகுமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். வினாவெழுப்பினால் மாந்தரைப் போல விடையிறுக்கும் எந்திரங்கள் வந்துவிட்டன. அவை தாமே மொழியைக் கற்றவையல்ல. இணையத்தில் மக்கள் எழுதிக் குவித்துள்ள எழுத்தைத் திரட்டி, அதனைக் கொண்டே பழக்கப்பட்டவை. அங்கே நாம் கலப்புத் தமிழைக் குவித்து வைத்தால் அவை கலப்புத் தமிழையே பேசும். ஒன்றுமே எழுதாது விட்டாலோ, ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பெயர்த்ததுபோன்ற ஒரு பொய்த்தமிழைப் பேசும். நாளை நம் பேரப் பிள்ளை தன் ஐயத்தை நம்மிடம் கேட்கமாட்டான், அவ்வெந்திரத்திடமே கேட்பான். அதன் வாயில் எந்தத் தமிழ் இருக்கப் போகிறது என்பது நாம் இன்று இணையத்தில் எதை எழுதி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சரி, எழுதுவது யார்? ஓர் அறிஞர் தனியே அமர்ந்து எழுதித் தீருமா? தீராது. இங்கேதான் குழுப்பணி என்பது வருகிறது.

கழகம் வைத்துத் தமிழாய்ந்த ஊர் இது. பாடியவன் ஒருவனாயினும், கேட்டுத் தேர்ந்து குற்றங் களைந்தவர் பலர் என்பதே கழகம் என்னுஞ் சொல்லின் பொருள். 1901இல் பாண்டித்துரைத் தேவர் இவ்வூரில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோதும் அவ்வெண்ணமே அடிப்படையாயிருந்தது. சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழ் ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த எத்தனையோ நூல்களை அச்சேற்றியது. சுவடியைப் படிப்பவர் ஒருவர், படியெடுப்பவர் ஒருவர், வேறு சுவடியோடு ஒப்பிடுபவர் ஒருவர் என்று பலர் கைபட்டே ஒரு நூல் வெளிவந்தது.

அப்பணியே ஒரு நூற்றாண்டு கழித்து, மதுரைப் பெயரைத் தாங்கி, மதுரைக்கு எட்டாத் தொலைவில் மீண்டுந் தொடங்கிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று, சுவிட்சர்லாந்து நாட்டு இலோசான் நகரில் வாழ்ந்த அறிவியலறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம், பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் விலையின்றி வழங்கும் முயற்சியைத் தொடங்கினார். அதற்கு அவரும் நண்பர்களும் இட்ட பெயர் ‘மதுரைத் திட்டம்’. சம்பளம் பெற்ற ஒருவரும் அதில் இல்லை. பல நாடுகளிற் சிதறிக் கிடந்த தமிழர், பகலில் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, இரவில் ஒருவர் தட்டச்சு செய்ய, வேறொருவர் மெய்ப்புப் பார்க்க, மூன்றாமவர் வலையேற்றினர். அக்காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். ஒருவர் அனுப்பியது மற்றவர் கணினியில் கட்டங் கட்டமாய்த் தெரியும். முதலில் தமக்குள் ஒரு பொதுக் குறியேற்றத்தைக் கூடிப் பேசி வகுத்துக் கொண்டனர். பின்னர் ஒருங்குறி பரவியதும், உழைத்ததையெல்லாம் அதற்கு மாற்றினர். இன்று பழைய இலக்கியம் ஒன்றை நீங்கள் கைப்பேசியில் தேடியவுடன் கிடைக்கிறதே, அது பெரும்பாலும் அவர்களில் யாரோ ஒருவரின் உறக்கமிழந்த இரவு என்று அறிக. மதுரையில் வாழும் நம்மில் எத்தனை பேர் அதற்கு ஒரு பக்கமேனும் தட்டச்சு செய்து கொடுத்தோம்? கையுயர்த்தச் சொல்லி உங்களை நாணச் செய்ய மாட்டேன், நானுங் கொடுத்ததில்லை.

1981ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு சனவரித் திங்களில், இம்மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிற்கு வந்து உரையாற்றிய மொழிஞாயிறு பாவாணர், இம்மண்ணிலேயே உயிர் நீத்தார். சில திங்கள் கழித்து யாழ்ப்பாண நூலகம் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் ஓரிரவில் சாம்பராயின. ஓரிடத்தில் ஒரே படியாக வைக்கப்பட்ட அறிவை ஒரு தீக்குச்சி அழித்துவிடும் என்பதை ஈழத்தமிழர் அன்று கற்றனர். அவர்களின் இளைஞர்கள் 2005இல் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே ஓர் இணைய நூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து ஏற்றி வருகின்றனர். அதுவுங் கூட்டுழைப்பே. எரிக்க முடியாத இடத்தில் நூலை வைப்பதற்கு ஊடகம் வேண்டும். வைப்பதற்குப் பல கைகளும் வேண்டும்.

பாவாணரைப் பற்றிக் கூறினேனல்லவா? அவர் நூல்கள் இன்று நாட்டுடைமை. தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிய நூல்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை ‘விக்கிமூலம்’ என்னும் தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. திரையின் ஒருபுறம் அச்சுப் பக்கத்தின் படம்; மறுபுறம் எந்திரம் அதனைப் படித்துத் தந்த எழுத்து. எந்திரம் ஒழுங்காகப் படிப்பதில்லை. ரகரத்தைக் காலாகவும் காலை ரகரமாகவும் கொள்ளும். 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்மையை ஏற்பதற்கு முன் அச்சான நூலாயின், பழைய ணை, லை, னா, றா வடிவங்களைக் கண்டு திகைத்து, ஏதேதோ எழுதி வைக்கும். அதனை மாந்தர் திருத்த வேண்டும். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்து முடித்தால் மஞ்சள். வேறொருவர் அதனை மீண்டும் சரிபார்த்தால்தான் பச்சை. மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. தளத்தின் அமைப்பே அதற்கு இடங்கொடாது.

ஆசிரியர்களே, வகுப்பறைக்கு இதைவிடச் சிறந்த குழுப்பயிற்சி வேறென்ன வேண்டும்? ஒரு மாணவன் திருத்துகிறான். அவன் தோழி அவன் விட்ட பிழையைக் கண்டுபிடிக்கிறாள். பிழை கண்டவள் பகைவளல்லள், துணைவள் என்று இருவரும் அறிகின்றனர். பழைய எழுத்து எதற்கு இருந்தது, ஏன் மாறிற்று என்று மூன்றாமவன் கேட்கிறான். அவ்வினாவிலிருந்து எழுத்து வரலாறு முழுவதையும் நடத்திவிடலாம்.

‘விக்கி’ என்பது அவாயித் தீவினரின் மொழிச்சொல்; விரைவு என்று பொருள். 1896இல் தன் மண்ணின் பள்ளிகளிலிருந்தே ஆங்கிலத்தால் அகற்றப்பட்ட மொழி அது. அதன் சொல்லை இன்று ஞாலமே வழங்குகிறது. இதனை நான் மாணவர்க்குச் சொல்லாமல் விடுவதில்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தோன்றியது. தொடக்கக் காலத்தில் அதனைத் தூக்கி நிறுத்தியவருள் தலையாயவர் ஈழத்தவரான மயூரநாதன். 2017இல் அது ஒரு நூறாயிரம் கட்டுரைகளை எட்டியது. அவ்வாண்டு தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியில் அவர்கள் எழுதிய கட்டுரைகளும் அவ்வெண்ணிக்கையை எட்ட உதவின. பயிற்சி பெற்றவர் சிலர் இவ்வவையிலும் இருக்கலாம். பயிற்சி முடிந்த மறுநாள் கடவுச்சொல்லை மறந்தவர்களும் இருக்கலாம்!

கேரளத்தார் வேறொன்று செய்தனர். 2009இல் ‘பள்ளிக்கூட விக்கி’ என ஒன்றைத் தொடங்கி, பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளின் பக்கங்களை மலையாளத்தில் திரட்டினர். பள்ளியின் வரலாறு, ஊரின் கதை, மாணவர் ஆக்கங்கள் யாவும் அங்கே உள. அண்டை நாட்டான் செய்தான் என்று பொறாமைப்படச் சொல்லவில்லை. பார்த்துச் செய்யச் சொல்கிறேன்.

இனி என் பட்டறிவைச் சொல்கிறேன். மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் வகுப்பெடுத்து வந்தேன். 2024 நவம்பரில், அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் தங்குதன் சுரங்கத்திற்கான ஏலம் முடிந்ததென்று செய்தி வந்தது நினைவிருக்கும். அதற்கு ஈராண்டின் முன்புதான் அரிட்டாபட்டியைப் பல்லுயிர் மரபுக் களமெனத் தமிழ்நாட்டரசு அறிவித்திருந்தது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர். 2025 சனவரியில் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. அந்நாட்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றி இணையத்தில் தேடினேன். தமிழில் ஒன்றுமில்லை. நாளை எங்கள் ஊருக்கும் இப்படி வந்தால் எதைக் காட்டுவோம்?” என்று கேட்டாள். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

முப்பத்தாறு மாணவரை ஆறு குழுவாக்கினேன். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிரித்தேன். அது நான் செய்த முதற்பிழை. ஒவ்வொரு குழுவிலும் கணினி அறிந்த ஒருவர் விசைப்பலகையைப் பற்றிக் கொண்டார். ஏனையோர் பின்னின்று வேடிக்கை பார்த்தனர். ஒரு வாரங் கழித்து ஒரு கட்டுரை வந்தது. நன்றாயிருந்தது, மிக நன்றாயிருந்தது, ஏனெனில் அது வேறொரு நூலிலிருந்து வரிக்குவரி எடுக்கப்பட்டது. அதனை அப்படியே இணையத்தில் ஏற்றினோம். கண்ணறியாத் தோழர் ஒருவர், பிறர் எழுத்தைப் படியெடுத்தல் முறையன்று என்று பணிவாகக் குறிப்பெழுதி அதனை நீக்கிவிட்டார். மாணவர் அழாக்குறை. நான் சினங்கொண்டேன்; பின்னர் அவர் செய்தது சரியென்று உணர்ந்தேன்.

மறுமுறை வேறுவிதமாக அமைத்தேன். குழுவில் அறுவர்க்கும் அறுவேறு பணி. ஊருக்குள் சென்று கேட்பவர் ஒருவர், அளந்தும் படம்பிடித்தும் வருபவர் ஒருவர், நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் சான்று தேடுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், சொற்களைப் பார்த்து அயற்சொல் களைபவர் ஒருவர், எல்லாம் முடிந்தபின் ‘இதற்கு என்ன சான்று?’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குறும்பர் ஒருவர். ஒவ்வொரு திங்களும் பணி மாறும். இத்தளங்களில் ‘வரலாறு’ என்றொரு பக்கம் உண்டு. எந்நாளில், எம்மணித்துளியில், யார் எச்சொல்லைச் சேர்த்தார், யார் நீக்கினார் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். குழுப்பணியில் ஒருவன் உழைக்க ஐவர் மதிப்பெண் பெறும் பழைய நோய்க்கு அதுபோன்ற மருந்து வேறில்லை. உழையாதவனைத் திட்டவே தேவையிருக்கவில்லை. அவன் பெயர் அப்பக்கத்தில் இல்லாமையே அவனைச் சுட்டது.

கண்மாயின் மிகுநீர் வெளியேறும் இடத்திற்கு என்ன பெயர் என்பதில் இரண்டு குழுக்களுக்கிடையே பெரும் பூசல். ஒரு குழு ‘கலுங்கு’ என்றது. மற்றொரு குழு ‘மறுகால்’ என்றது. பொதுப்பணித்துறைப் பலகையிலோ ஓர் ஆங்கிலச் சொல், தமிழெழுத்தில். கைகலக்கும் நிலை. முடிவில் அனைவருமாய்ச் சென்று, கண்மாய் நீரைப் பாய்ச்சி வந்த பெரியவர் ஒருவரைக் கேட்டோம். அவர் சிரித்தார். “கட்டி வச்சிருக்கிறது கலுங்கு, தம்பி. அதுல வழிஞ்சு போற தண்ணி மறுகால். ரெண்டு பேருஞ் சரிதான்” என்றார். பள்ளிக்கூடத்தை எட்டிப் பாராத அப்பெரியவர் வாயில் இரண்டு செஞ்சொற்கள் தத்தம் பொருள் பிறழாமல் இருந்தன. பட்டம் பெற்ற பொறியாளர் எழுதிய பலகையில் ஒன்றுகூட இல்லை. அன்று மாலையே மடை, குமிழி, உள்வாய், நீர்பாய்ச்சி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட சொற்களை அவரிடமிருந்து மாணவர் எழுதிக்கொண்டனர். நாம் அகரமுதலிகளிலிருந்து மீட்டெடுக்க முனையும் சொற்கள் கரைமேட்டில் உயிரோடு நின்றுகொண்டிருந்தன. அவற்றை இணைய அகரமுதலியில் ஏற்றியவர்கள் பதினான்கு அகவைப் பிள்ளைகள்.

சொற்பூசல் நல்லது என்று நான் சொல்வதற்கு இன்னொரு கரணியமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவின் உரையாடற் பக்கங்களைப் பார்த்தால், ஈழத்தவரும் தமிழ்நாட்டவரும் சொல்லுக்காக வாதிட்ட வாதங்கள் நிறையக் கிடைக்கும். நாம் வேதியியல் என்போம். அவர்கள் இரசாயனவியல் என்று பயின்றவர்கள். கிரந்த எழுத்துக்களை எவ்வளவு ஏற்பது என்பதில் இன்றும் ஒரு முடிவில்லை. அங்கே தனித்தமிழ்க் கருத்தை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் யார்? நாம். ஆனால் நாம் இங்கே, நம் கருத்தை முன்பே ஏற்றுக்கொண்டவர்களிடையே, முழங்கிக் கொண்டிருக்கிறோம். அங்கே முழக்கம் எடுபடாது. சான்று வேண்டும், பொறுமை வேண்டும், மாற்றுக் கருத்தினனையும் ‘தோழரே’ என்றழைக்கும் பண்பு வேண்டும். அப்பண்பை அகவை அறுபதில் கற்பது அரிது. பதினான்கில் கற்றுக்கொள்ளலாம்.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சினங்கொள்ள வேண்டா. கீழடியைப் பற்றி எழுதிய குழுவில் ஒரு மாணவன், அதன் அகவை பத்தாயிரம் ஆண்டு என்று எழுதிக் கொண்டு வந்தான். சான்று எங்கே என்றார் குழுவின் குறும்பர். தந்தையின் புலனத்தில் வந்ததென்றான். அதனை அனுப்பியவர் நம் தமிழ்ப்பற்றாளருள் ஒருவர்தாம். தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, அங்குக் கிடைத்த பொருளொன்றின் காலத்தைக் கி.மு. 580 என்று காட்டியது. பானையோட்டில் எளிய மக்கள் தம் பெயரைத் தமிழியில் கீறி வைத்தனர் என்பதே நம் தலை நிமிரப் போதுமே! பொய்யைச் சேர்த்து மெய்யையும் கேலிக்கு ஆளாக்குவானேன்? அம்மாணவன் வீட்டிற்குச் சென்று தந்தையைத் திருத்தினான் என்று பிறகு கேள்விப்பட்டேன். தந்தை என்னிடம் சண்டைக்கு வந்தார் என்பது வேறு செய்தி.

விசைப்பலகை பற்றிச் சுருங்கச் சொல்கிறேன். 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ் 99’ அமைப்பில் உயிர் இடப்புறமும் மெய் பெரும்பாலும் வலப்புறமும் உள்ளன. ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். தமிழ் இலக்கணத்தை அறிந்தே அமைத்த பலகை. உரோம எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறும் பழக்கத்திலிருந்து ஒரு வகுப்பை விடுவிக்க எனக்கு மூன்று வாரங்களே ஆயின. நாள் ஒன்றுக்குக் கால்மணி நேரம். முதல் வாரம் முணுமுணுத்தனர். மூன்றாம் வாரம் யார் விரைவு என்று பந்தயங் கட்டினர்.

நேரமில்லை என்பீர்கள். பாடத்திட்டம் கழுத்தை நெரிக்கிறது, அறிவேன். பள்ளியில் நான்கு கணினிகள், அவற்றில் ஒன்று பழுது என்பீர்கள். என் பள்ளியிலும் அவ்வாறே. அறுவர்க்கு ஒரு கணினி என்பதனாலேயே எங்களுக்குக் குழுப்பணி தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கும் என்பீர்கள். கெடுக்கும், தனியே விட்டால் கெடுக்கும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒருவன் தனித்துப் பார்க்கும் திரையும், அறுவர் சூழ அமர்ந்து ஒரு சொல்லுக்காக வழக்காடும் திரையும் ஒன்றல்ல.

முன்வரிசை ஐயா அவர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஞாயிறன்று காலை, மாணவர் பன்னிருவருடன் மாங்குளம் மலைக்குச் செல்கிறோம். 1882இல் இராபர்ட்டு சீவெல் கண்டறிந்த தமிழிக் கல்வெட்டுகள் அக்குகைகளில் உள. பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. அவன் பெயர் மட்டுமன்று. வெள்ளறை ஊர் வணிகக் குழுவினர் கூடிச் செய்த கொடையும் அதே மலையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அக்குழுவினரின் எழுத்தைப் படம்பிடித்து, பெயர்த்தெழுதி, பொருளெழுதி, அடுத்த கிழமைக்குள் வலையேற்றுவதாய் மாணவர் முடிவு செய்துள்ளனர். கல்லெழுத்தைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஒருவர் வேண்டும். நீங்கள் கல்வெட்டுப் பயின்றவர் என்று அறிவேன். காலை ஆறு மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்போம். மலையேற ஒரு கைத்தடியும், குடிநீரும் எடுத்து வாருங்கள். தட்டச்சு செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வர்.